மூன்று முறையும் பதினாறு

அந்தக் கட்டடத்தில் லிஃப்டும் உண்டு, படியும் உண்டு. கீழே பஸ் நிறுத்தம். இரண்டாம் மாடி ஜன்னலருகே ஒரு பெண்மணி கடிகாரத்தோடு நிற்பார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வாசலுக்குள் நுழைந்ததும் பார்வையிலிருந்து மறைந்துவிடுவார். அங்கிருந்து லிஃப்டில் வந்தால் ஒரு நிமிடம் பத்து நொடி. அந்த லிஃப்ட் அப்படி. படியேறி வந்தால் நாற்பது நொடி. முதுகை நிமிர்த்தவே முடியவில்லை என்று எழுதிக் கொடுத்த ஒருவர் முப்பத்தாறு நொடியில் வந்து கதவைத் தட்டியதுண்டு. உள்ளே வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் அங்குலம் அங்குலமாக உட்கார்ந்தார். பெண்மணி 36 என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

சுற்றுவட்டாரத் தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் உடும்பம்மா. அவர் அளப்பது மனிதர்களின் கைப்பிடியை. அவரே பிடித்தாலும் விடமாட்டார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர். அது அவர் காதுக்கும் எட்டியது. “பல்லின்னு வைக்காம விட்டாங்களே” என்றாராம்.

படிப்பால் அவர் பிசியோதெரபிஸ்ட். ஆனால் இருபத்திரண்டு வருடங்களாக யாருக்கும் வலி நீக்கியதில்லை. வேலையில் அடிபட்டவர்களை நிறுவனங்கள் அவரிடம் அனுப்பும். எவ்வளவு தூக்க முடியும், எவ்வளவு நேரம் நிற்க முடியும், கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியுமா என்று ஒரு பகல் முழுக்கச் சோதித்து அறிக்கை தருவார். அந்த நபருக்குப் பழைய வேலையா, இலகுவான வேலையா, வேலையே இல்லையா என்பது அந்த அறிக்கையைப் பொறுத்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவருடைய உயரத்தை அவர் தூங்கும்போதுகூட அளந்துவிடலாம். பலத்தை அப்படி அளக்க முடியாது. அவராகக் கொடுத்தால்தான் கருவிக்கு வரும். அரைமனதோடு கொடுத்தால் கருவி அதையும் வாங்கிக்கொண்டு ஒரு எண்ணைக் காட்டும். ஆகவே உடும்பம்மாவின் வேலையில் பாதிதான் அளப்பது. மறுபாதி, எதிரில் இருப்பவர் முழுசாகக் கொடுத்தாரா என்று துப்பறிவது.

அதற்கு அவரிடம் ஒரு கூடை வித்தைகள் இருந்தன. தூக்கிக் காட்டச் சொல்லும் பெட்டிகள் ஆறும் ஒரே நிறம், ஒரே அளவு, மூடி போட்டவை. எதில் எத்தனை கிலோ என்பது அவருக்கு மட்டும் தெரியும். நெஞ்சில் ஒரு பட்டை கட்டிவிடுவார், அது நாடித்துடிப்பைக் காட்டும். முகம் எவ்வளவு கோணினாலும் துடிப்பு ஏறவில்லை என்றால் அந்தக் கோணல் முகத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை என்று பொருள். நடுவே பேனாவைக் கீழே போடுவார். மரியாதைக்காகச் சட்டென்று குனிந்து எடுத்துக் கொடுத்தவர்கள் பலர், அப்புறம் குனிய முடியாதென்று சாதித்தவர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே பிடி மீட்டர். கைக்குள் அடங்கும் இரும்புப் பிடி. நசுக்கினால் எத்தனை கிலோ என்று முள் காட்டும். முள் அவர் பக்கம்தான் இருக்கும், நசுக்குகிறவருக்குத் தெரியாது. பிடியின் அகலத்தை ஐந்து விதமாக மாற்றலாம். உண்மையாக நசுக்குகிறவருக்கு மிகக் குறுகிய பிடியில் பலம் குறைவாகவும், நடுவில் அதிகமாகவும், மிக அகலத்தில் மறுபடி குறைவாகவும் வரும். காகிதத்தில் புள்ளி வைத்தால் ஒரு சிறு குன்று. நடிக்கிறவருக்குக் குன்று வராது, தரைதான். ஒவ்வொரு அகலத்திலும் மூன்று முறை நசுக்கச் சொல்வார். மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் ஆள் முழு மனதோடு நசுக்கவில்லை.

அந்த மீட்டரையும் அவர் நம்பியதில்லை. திங்கட்கிழமை காலையில் அதன் பிடியில் பத்துக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு, முள் பத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஜன்னலைத் திறப்பார்.

பிறவியிலேயே இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யார் அழுதாலும் கூடவே கண் கலங்குகிறவராகத்தான் இருந்தார். அப்போது மரக்கடைத் தொழிலாளி ஒருவர் வந்தார். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க முடியவில்லை என்றார், நடுங்கிக் காட்டினார். உடும்பம்மாவும் அப்படியே எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அவருடைய நாத்தனார் வீடு மாறினாள். சாமான் இறக்க வந்த ஆட்களில் ஒருவர் இரும்பு அலமாரியை முதுகில் சாய்த்து ஒற்றை ஆளாகப் படியிறங்கி வந்தார். நடுப்படியில் நின்று, சுமையைக்கூட இறக்கி வைக்காமல், “வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா?” என்றார்.

நாத்தனார் இன்றுவரை அதை விடவில்லை. குடும்பத்தில் யாராவது கண்ணாடிப் பெட்டியோ கட்டிலோ நகர்த்தினால், “அண்ணி, அஞ்சு கிலோக்காரர் நம்பர் வச்சிருக்கீங்களா?” என்று கேட்பாள். அந்த வாரமே உடும்பம்மா சொந்தச் செலவில் பிடி மீட்டர் வாங்கினார்.

தொழில் வீட்டுக்குள்ளும் வந்தது. மகளுக்குக் கல்லூரி நாளில் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை மூன்று முறை வைப்பார். கணவர் பஸ் டெப்போவில் நேரம் குறிக்கும் பணியில் இருந்தார். முழங்கால் வலி என்று இரண்டு வாரமாகச் சொன்னவர், தொலைக்காட்சியில் ஆட்டம் தொடங்கும் நேரம் பார்த்து மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறியதை மனைவி சமையலறையிலிருந்து எண்ணிவிட்டார். அதோடு முழங்கால் விவகாரம் முடிந்தது. “உன்கிட்ட தும்முறதுன்னாகூட ரெண்டு சாட்சியோட வரணும்” என்பார் கணவர். அவர் தும்மினால் உண்மையிலேயே திரும்பிப் பார்ப்பார் உடும்பம்மா.

லாண்டரிக்காரம்மா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணி வெளுக்கும் பிரிவில் அவர் பதினாறு வருடமாக வேலை. வயது நாற்பத்து மூன்று. அந்தப் பிரிவில் இரண்டு பக்கம்: மிஷினிலிருந்து ஈரப் போர்வைகளை வாரி எடுத்து வண்டியில் போடும் ஈரப் பக்கம், உலர்ந்ததை மடித்து அடுக்கும் மேஜைப் பக்கம். அவர் ஈரப் பக்கம். எட்டு மாதத்துக்கு முன் நிறைந்த வண்டிக்கும் கதவு நிலைக்கும் நடுவே வலது கை மாட்டி, மணிக்கட்டு நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை என்பது அவர் புகார். மடிப்பு மேஜைக்கு மாற்றித் தாருங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஏற்கெனவே வேறு இரண்டு இடங்களில் சோதனை ஆகிவிட்டது. இரண்டு அறிக்கையும் அவருக்கு எதிராக இருந்தன. மூன்றாவதும் அப்படியே வந்தால் மறுநாளே ஈரப் பக்கம் திரும்ப வேண்டும். இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஆஸ்பத்திரியின் பணியாளர் அதிகாரி முன்தினம் போனில் சொன்னது. “ஏற்கெனவே ரெண்டு ரிப்போர்ட் இருக்கு மேடம். நீங்க ரொம்ப சிரமப்பட வேண்டாம்” என்று முடித்தார். ஒரு சோதனையில் தம்மைச் சிரமப்பட வேண்டாம் என்கிறவரை உடும்பம்மாவுக்கு உடனே பிடிக்காமல் போய்விடும். இந்த ஆளுக்கு என்ன அவசரம் என்று அவர் பெயரையும் மனதுக்குள் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டார். பழைய அறிக்கைகள் வந்த உறையைப் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டார். சோதனை முடியும்வரை மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதில்லை என்பது அவர் வழக்கம்.

லாண்டரிக்காரம்மா பஸ்ஸிலிருந்து தம்பியோடு இறங்கினார். கம்பியை இடது கையால் பிடித்து இறங்கினார். கைப்பை இடது தோளில். சாலையைக் கடந்ததும் தம்பி அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னான், அவர் தலையாட்டினார். ஐம்பத்திரண்டு நொடியில் மேலே வந்தார்கள். லிஃப்டுக்கு அது குறைவு, படிக்கு அதிகம். நடுவே பன்னிரண்டு நொடி எங்கோ நின்றிருக்கிறார்கள். எதற்கு?

முதல் அரை மணி நேரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டதற்குப் பதில், கேட்காததற்கு மௌனம். பேனா விழுந்தபோது இடது கையால் எடுத்துக் கொடுத்தார். பிறகு பிடி மீட்டர் வந்தது.

“வலிச்சா நிறுத்திக்கலாம். ஆனா நசுக்கும்போது முழு பலத்தையும் குடுக்கணும்” என்றார் உடும்பம்மா.

லாண்டரிக்காரம்மா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு நசுக்கினார். பதினாறு. இடைவெளி விட்டு மறுபடி. பதினாறு. மூன்றாவது முறையும் முள் போய் அதே கோட்டில் நின்றது.

உடும்பம்மா மீட்டரை உதறிப் பார்த்தார். எழுந்து போய்ப் பத்துக் கிலோ கல்லை எடுத்து வந்து தொங்கவிட்டார். பத்து. இன்று செவ்வாய், நேற்றுதான் பார்த்தது, இருந்தாலும் பார்த்தார். பிறகு பிடியின் அகலத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். பதினைந்து, பதினாறு, பதினாறு, பதினைந்து. குன்று எங்கும் இல்லை. நாடித்துடிப்பு எண்பத்து நான்கில் தொடங்கி எண்பத்தாறோடு நின்றது.

இருபத்திரண்டு வருடத்தில் முன்னே பின்னே நசுக்கியவர்களைப் பார்த்திருக்கிறார். மனிதக் கை மூன்று முறையும் ஒரே கோட்டில் போய் நின்றதைப் பார்த்ததில்லை. சிதறினால் சந்தேகம், சிதறவே இல்லையென்றால்? இந்த அம்மாளுக்கு யாரோ பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அந்த யாரோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு இடைவேளை கொடுத்தார். அக்காவும் தம்பியும் படி வழியாக இறங்கினார்கள். உடும்பம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, படியின் மேல் வளைவில் போய் நின்றார். இப்படி ஒட்டுக்கேட்பது அவருக்குப் பெருமையான விஷயம் அல்ல, புதிதும் அல்ல.

தம்பியின் குரல் கீழேயிருந்து வந்தது. “மத்தியானமும் வீட்டுல புடிச்ச அதே புடிதான்க்கா. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். ஆசைப்பட்டு ஒரு தடவை கூட அழுத்திட்டன்னா எல்லாம் போச்சு.”

கையும் களவுமாகப் பிடிபட்டார்கள். அறைக்குத் திரும்பி அறிக்கைக் காகிதத்தை எடுத்து, முதல் வரியையும் எழுதிவிட்டார். இரண்டாவது வரிக்குப் பேனா போகவில்லை. கூடவும் வேண்டாம் என்றது சரி, வலியைப் பெரிதாகக் காட்ட நினைக்கிறவன் அப்படித்தான் சொல்வான். குறையவும் வேண்டாம் என்று ஏன் சொன்னான்? குறைந்தால் அவர்களுக்கு லாபம்தானே?

இருவரும் திரும்பி வந்ததும் உடும்பம்மா மீட்டரை எடுக்கவில்லை. தம்பியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். படியில் கேட்டதை ஒரு சொல் மாறாமல் சொன்னார். தம்பி ஏதோ மழுப்பத் தொடங்கினான். அக்கா அவன் கையைத் தட்டி நிறுத்தினார்.

“நான் சொல்றேன் மேடம். மொத எடத்துல என்னால ஆனதெல்லாம் குடுத்தேன். வலி உசிரு போச்சு. மூணு தடவையும் ஒரே மாதிரி வரல, அதனால நீ பொய் சொல்றேன்னு எழுதிட்டாங்க. ரெண்டாவது எடத்துல, ஒரே மாதிரி வரணுமேன்னு பயந்து பயந்து புடிச்சேன். அது இன்னும் கோணலா போச்சு. ஒரே மாதிரி புடிச்சாதான் உண்மைன்னு சொல்றீங்க. சரி, அப்ப ஒரே மாதிரி புடிக்கக் கத்துக்குவோம்னு கத்துக்கிட்டேன்.”

“எப்படி?”

வீட்டில் எடை பார்க்கும் மிஷின் ஒன்று இருந்தது. அதை நிமிர்த்தி வைத்து, விளிம்பைக் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து நசுக்குவாராம். தம்பி எதிரே உட்கார்ந்து முள்ளைப் படிப்பான். முதலில் பதினான்கு வரை போனது. ஆனால் அடுத்த முறை பத்து, அதற்கடுத்து ஏழு. எது தினமும், எந்த நேரமும், எத்தனை முறை கேட்டாலும் வரும் என்று தேடித் தேடி ஒன்பதில் வந்து நின்றார்கள். சாயங்காலம் வேலை முடிந்து தம்பி வந்ததும் நாற்பது நாள் பயிற்சி. கடைசி வாரம் கண்ணை மூடிக்கொண்டு. அந்த மிஷினில் ஒன்பது காட்டிய அதே பிடிதான் இந்த மீட்டரில் பதினாறு.

உடும்பம்மா முழுசாகக் கேட்டு முடித்தார். நல்ல கதை. கொஞ்சம் அதிகமாகவே நல்ல கதை. அலமாரியோடு வணக்கம் சொன்னவரும் நன்றாகத்தான் கதை சொன்னார்.

“அந்த மிஷின் இப்ப எங்க இருக்கு?” என்று தம்பியைக் கேட்டார்.

“வீட்டுல.”

“போய் எடுத்துட்டு வாங்க.”

அவன் போய்வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் அக்காவின் போனைத் தம் மேஜையில் வாங்கி வைத்துக்கொண்டார், இருவரும் கலந்து பேசிவிடக் கூடாதே என்று. அந்த அம்மாள் அதைப் பார்த்துச் சிரித்தார். “போலீஸ்ல இருக்க வேண்டியவங்க மேடம் நீங்க.” “சம்பளம் ஒண்ணுதான்” என்றார் உடும்பம்மா.

மிஷின் வந்தது. பச்சை பெயின்ட் அடித்த பழைய மாடல். உடும்பம்மா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். வலது விளிம்பில் ஒரே இடத்தில், கட்டை விரல் அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து தகரம் பளபளத்தது. பின்பக்கம் நான்கு சின்னத் தேய்மானங்கள். எடை பார்க்க ஏறி நிற்கிறவர்களின் கால் அங்கே படாது. அந்த அம்மாளின் வலது கட்டை விரல் ஓரத்திலும் ஒரு காய்ப்பு இருந்தது.

முள்ளை ஒரு துணியால் மூடி, தம் பக்கம் மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டு நசுக்கச் சொன்னார். ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதனால் என்ன ஆயிற்று? ஏமாற்றப் பயிற்சி எடுத்தார்கள் என்பதுதானே நிரூபணமாகியிருக்கிறது? இந்தக் கையில் உண்மையில் எவ்வளவு பலம் என்பது முன்பைவிட இன்னும் ஆழமாகப் போய் ஒளிந்துகொண்டது. பிடி மீட்டர் இனி உதவாது. அதை இந்தக் கை மனப்பாடம் செய்துவிட்டது. பயிற்சி எடுக்காத ஏதாவது ஒன்று வேண்டும்.

உடும்பம்மா பக்கத்து விடுதிக்குப் போன் செய்து இரட்டைக் கட்டில் போர்வைகள் ஆறு இரவல் கேட்டார். குளியலறையில் பெரிய வாளி இரண்டில் அவற்றை ஊறவைத்தார். அறையின் குறுக்கே தோள் உயரத்தில் கயிறு கட்டினார். லாண்டரிக்காரம்மாவின் நெஞ்சில் மறுபடி பட்டையை மாட்டிவிட்டு, “உங்க வேலையைச் செய்ங்க. முடியலன்னா நிறுத்துங்க, எப்ப வேணா” என்றார்.

ஈரப் போர்வையைக் கண்டதும் அந்த அம்மாள் ஆளே மாறிவிட்டார். ஒன்பதையும் மறந்தார், தம்பியையும் மறந்தார். குனிந்து, நுனி தேடி, இரு கையாலும் வாரி, தண்ணீரைப் பிழிந்து ஒரே வீச்சில் கயிற்றில் போட்டார். பதினாறு வருட வேகம். உடும்பம்மா கையைப் பார்க்கவில்லை. தோளையும் கழுத்தையும் பார்த்தார். இரண்டாவது போர்வையில் வலது தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கியது. மூன்றாவதில் பிழிவதை இடது கைக்கு மாற்றினார், தமக்கே தெரியாமல். நான்காவதில் மூச்சைப் பிடித்துக்கொண்டார், கழுத்து நரம்பு புடைத்தது. துடிப்பு நூற்று இருபத்தொன்று. ஐந்தாவது போர்வை பாதியில் வாளிக்குள்ளேயே விழுந்தது. உடும்பம்மா நிறுத்தச் சொன்னார்.

கால் மணி நேர ஓய்வுக்குப் பிறகு மீட்டரை நீட்டினார். “அந்த ஒம்பதைத் தூக்கிப் போடுங்க. உங்களால ஆனதைக் குடுங்க. எப்படி வேணா வரட்டும்.”

இருபத்திரண்டு. பதினெட்டு. பதிமூன்று.

இடது கை: முப்பத்தொன்று, முப்பது, முப்பத்தொன்று. மேலும் கால் மணி நேரம் கழித்து மீண்டும் வலது: இருபத்தொன்று, பதினேழு, பதினான்கு.

இப்போதுதான் இழுப்பறையிலிருந்து உறையை எடுத்துப் பிரித்தார். முதல் சோதனை, ஐந்து மாதத்துக்கு முன், ஊரின் மறுகோடியில் ஓர் இடம். வலது கை: இருபத்தொன்று, பதினேழு, பதிமூன்று. அதே படிக்கட்டு, அதே இறக்கம். அந்த எண்களை இந்த அம்மாளுக்கு யாரும் சொல்லியிருக்க வழியில்லை. முள் எப்போதும் சோதிப்பவர் பக்கம்தான். சிதறல் வேறு, இறங்குவது வேறு. நடிப்பவருக்கு எண் மேலும் கீழும் குதிக்கும். வலியோடு முழுசாக அழுத்துகிறவருக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிய காகிதத்தில் அந்த மூன்று எண்களுக்குக் கீழே ஒரு வாசகம்: ‘மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, இவர் முழு முயற்சியோடு செய்யவில்லை என்பதற்கு இதுவே போதுமான ஆதாரம்.’

வாசகம் பழகியதாக இருந்தது. எங்கே படித்தோம் என்று யோசித்தார். படிக்கவில்லை. எழுதியது அவரேதான். பதினொரு வருடத்துக்கு முன் இளம் பிசியோக்களுக்கு நடத்திய இரண்டு நாள் வகுப்பில் கொடுத்த குறிப்பு. மறுநாள் வகுப்பு என்பதால் அவசர அவசரமாக எழுதியது. சிதறலைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். எந்தத் திசையில் சிதறுகிறது என்று பார்க்கச் சொல்லவில்லை. ‘போதுமான’ என்ற சொல்லையும் அவரேதான் போட்டிருந்தார்.

அக்காவும் தம்பியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களிடம் இதைச் சொல்லவில்லை. அறிக்கையில் எழுதப்போவதைத்தான் சொன்னார். ஈரப் பக்க வேலை முடியாது, மடிப்பு மேஜை முடியும், மூன்று மாதம் கழித்து மறு சோதனை. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உடும்பு அல்லவா? “காலையில பதினாறு வந்ததையும் எழுதுவேன். வீட்டு மிஷினையும் எழுதுவேன்” என்றார்.

லாண்டரிக்காரம்மா எழுந்துவிட்டார். “அதை வச்சே என்னைத் தொரத்திருவாங்க மேடம். உங்களை நம்பித்தானே சொன்னேன்?”

“படியில ஒட்டுக்கேட்டதாலதான் சொன்னீங்க” என்றார் உடும்பம்மா. “எழுதாம விட்டா நாளைக்கு இது எப்படியும் வெளிய வரும். அப்ப இந்த ரிப்போர்ட்டையே குப்பையில போட்ருவாங்க. எல்லாத்தையும் நானே எழுதிட்டா கண்டுபிடிக்க அவங்களுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது.”

அக்கா கைப்பையை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டார். மிஷினைத் தம்பி தூக்கிக்கொண்டான். போகும்போது இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தபோது பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாள் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பது உடும்பம்மாவுக்கு எப்போதும் முக்கியம். அதையும் அறிக்கையில் சேர்த்தார்.

அறிக்கை ஒன்பது பக்கம் வந்தது. பதினாறு எப்படிப் பிறந்தது என்பதற்கே இரண்டு பக்கம். முதல் அறிக்கையின் எண்கள் சரி, முடிவு தவறு; அந்த முடிவுக்குக் காரணமான வாசகம் தாம் எழுதிக் கற்பித்தது; அது தவறு என்று தம் பெயரோடு ஒரு பத்தி.

பணியாளர் அதிகாரி எதிர்பார்த்த வேகத்திலேயே போன் செய்தார். “அப்ப அந்தம்மா ப்ராக்டிஸ் பண்ணிட்டு வந்து ஏமாத்தினாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க?”

“ஆமா. அடுத்த பக்கத்தையும் படிங்க.”

“அது… உங்க தப்புன்னு எழுதியிருக்கீங்க.”

“அதுக்கு அடுத்த பக்கம்.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த பக்கத்தில் ஐந்து ஈரப் போர்வைகளும் நூற்று இருபத்தொன்றும் இருந்தன. நான்கு நாள் கழித்து மாற்றல் உத்தரவு வந்தது: மடிப்பு மேஜை, தற்காலிகம், மூன்று மாதம்.

அந்த மூன்று மாதமும் உடும்பம்மா மாலை ஆறு மணிக்கு மேல் அலுவலகத்திலேயே இருந்தார். பழைய கோப்புகளை அலமாரியிலிருந்து இறக்கி, ‘ஒத்துவரவில்லை’ என்று தாம் எழுதியவற்றில் எண்கள் குதித்தவை எவை, இறங்கியவை எவை என்று பிரித்தார். குதித்தவை மேஜையின் இடது பக்கம் உயர்ந்து வளர்ந்தன. வலது பக்கம் பதினேழு கோப்புகள். பதினேழு பேருக்கும் கடிதம் எழுதினார், மறு சோதனைக்கு வரலாம் என்று. ஐந்து பேர் பதில் போட்டார்கள். ஒருவர் பதில் முழுக்க வசவு. அந்தக் கடிதத்தையும் கோப்பில் சேர்த்தார். வகுப்புக்கு வந்திருந்த பிசியோக்களின் முகவரிகளைத் தேடித் திருத்தக் குறிப்பு அனுப்பினார். பலருடைய முகவரி மாறியிருந்தது.

இதற்கிடையே வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரை மாடிப்படியில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லி நேரம் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நேரம் கூடியது. மறுநாள் எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனார். “ரெண்டு வருஷம் கழிச்சு என் கேஸை விசாரணைக்கு எடுத்திருக்காங்க” என்று கணவர் தம் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தது.

மூன்று மாதம் முடிந்து லாண்டரிக்காரம்மா மறு சோதனைக்கு வந்தார். தனியாக. நாற்பத்திரண்டு நொடி. முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. பேச்சும் கூடியிருந்தது, மடிப்பு மேஜையில் பக்கத்து ஆள் வாய் ஓயமாட்டாளாம், அதனால் தமக்கும் பழகிவிட்டதாம். வலியைப் பற்றிக் கேட்டதற்குப் பரவாயில்லை என்றார். மேஜையிலேயே நிரந்தரமாக இருக்க விரும்புவதாகவும் சொன்னார். விரும்பாமல் இருப்பாரா என்று உடும்பம்மா மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

மீட்டரைக் கொடுத்தார். இருபத்து மூன்று. இருபத்து மூன்று. இருபத்து மூன்று.

உடும்பம்மா முள்ளைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அது ஒன்றும் தெரியாத முகமாக இருந்தது.

“வீட்டுல அந்த மிஷின் இருக்கா?”

“இருக்கு மேடம். தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சு. அவன் பொண்டாட்டி தினம் காலையில அதுல ஏறி நின்னு எடை பாத்துட்டு அழுவா. எனக்கெங்க குடுக்குறா?”

“அப்ப நீங்க அதைத் தொடுறதே இல்ல?”

“சத்தியமா இல்ல மேடம்.”

உடும்பம்மா அவர் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தார். போனமுறை ஓரத்தில் இருந்த காய்ப்பு மறைந்திருந்தது. மறைய வைக்கவும் வழி உண்டு என்று தோன்றியது. 23, 23, 23 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கக் குளியலறைக்குப் போனார். கதவைத் திறந்தே வைத்தார். அங்கிருந்து நாற்காலி தெரியும்.